பஸ்காரம்மா குடும்பத்தோடு புறப்பட்ட கதை

துறைமுகத்தில் கிளம்பி, சந்தையைச் சுற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் திரும்பும் பேருந்தை அவள்தான் ஓட்டினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வழித்தடம். எந்த வளைவில் எந்தக் கடைக்காரர் நாற்காலியை ரோட்டில் நீட்டிப் போட்டிருப்பார், எந்த நிறுத்தத்தில் யார் மூச்சிரைக்க ஓடி வருவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது. பஸ்காரம்மா என்றால் போதும், நண்டு சிண்டுகூடக் கை காட்டும்.

புருஷனுக்கு முடிவெட்டும் வேலை. மார்க்கெட் சந்தில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கடை வைத்திருந்தான். கத்தரி ஓய்ந்தாலும் அவன் வாய் ஓயாது. பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சின்னவனுக்கு எட்டு. அவன் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன், யோசிப்பதெல்லாம் பேசி முடித்த பிறகுதான்.

பள்ளி விடுமுறை நாட்களில் சின்னவன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அப்படி ஒரு நாள் துறைமுகத்தில் ஒரு குடும்பம் ஏறியது. அப்பா, அம்மா, சின்னஞ்சிறு பெண் ஒருத்தி, நிறைய மூட்டைகள். வேறு ஏதோ ஊரிலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அவர்களுக்குள் மும்முரமாக ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். சின்னவன் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

"அம்மா, இவங்களுக்குப் பேசவே தெரியல! எல்லாத்தையும் தப்புத் தப்பா பேசுறாங்க!"

வார்த்தை புரியாவிட்டாலும் சிரிப்பு எல்லோருக்கும் புரியும். அந்தச் சிறுமி தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தப்பு இல்லடா. அது வேற பாஷை," என்றாள் பஸ்காரம்மா, கண்ணாடி வழியே அவனை முறைத்து.

"அப்படின்னா? நம்ம பாஷைய இன்னும் கத்துக்கலையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைத் திட்ட வாய் எடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். இவன் எதைக் கண்டான்? வீடு, பள்ளிக்கூடம், இந்த பஸ். உலகத்தில் ஒரே ஒரு பாஷைதான், அதையும் சிலர் சரியாகப் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சரி, நான் மட்டும் எதைக் கண்டேன்? துறைமுகம், சந்தை, ஆஸ்பத்திரி. வாழ்நாள் பூராவும் சக்கரத்தைச் சுற்றியும் ஒரு அடி வெளியே போகவில்லையே!

இந்த யோசனையில் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நிறுத்த மறந்தே போனாள். உள்ளே "ஏம்மா, ஏம்மா!" என்று கூப்பாடு. அவள் பிரேக்கை மிதித்தபோது பஸ் அடுத்த தெருவில் இருந்தது. அந்தத் தெருவுக்குள் அவள் அதுவரை வந்ததே இல்லை. இரண்டு பக்கமும் மஞ்சள் பூ மரங்கள், வாசலில் கேரம் ஆடும் கிழவர்கள். 'அட, இப்படி ஒரு தெருவா!' என்று மனசு துள்ளியது. இறங்கியவர்களின் வசவு அவள் காதில் ஏறவே இல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, நாம பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வெளியூர் போலாமா?"

"தாராளமா போலாமே. எத்தனை நாளுக்கு? சனி ஞாயிறா?"

"ஒரு வருஷம்."

புருஷன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.  பிறகு மெதுவாகச் சொன்னான்: "தலை இல்லாத ஊரு கிடையாது. முடியும் எல்லாத் தலையிலயும் வளருது, உங்க அண்ணன் தலையத் தவிர. எனக்கு எங்க போனாலும் வேலை இருக்கு. நான் ரெடி."

சின்னவன் நாற்காலி மேல் ஏறி ஆடினான். மூத்தவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "என் ஃப்ரெண்ட்ஸ விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

செய்தி காதில் விழுந்ததும் பஸ்காரம்மாவின் அண்ணன் வந்து குதித்தார். வங்கியில் வேலை, வழுக்கைத் தலை, தங்கை மேல் உயிர்.

"உனக்கு என்ன புத்தி பிசகிப் போச்சா? அரசாங்க உத்தியோகத்தப் போட்டுட்டு ஊர் சுத்தப் போறியா? பிள்ளைங்க படிப்பு என்னாகும்?"

"வேலைய விடலண்ணா. சம்பளமில்லாத லீவு கேட்டிருக்கேன்."

"எங்க தூங்குவீங்க? எங்க குளிப்பீங்க? பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"இங்கயும் வருதேண்ணா காய்ச்சல். எல்லா ஊர்லயும் டாக்டர் இருப்பாங்க."

பள்ளித் தலைமை ஆசிரியையிடம் போகத்தான் அவளுக்கு உதறல். அந்த அம்மா கண்டிப்புக்குப் பேர் போனவர். முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஒரு காலத்துல இப்படி ஒரு ஆசை இருந்துச்சு. போயிட்டு வாங்க. மத்ததெல்லாம் பின்னாடி வந்து பிடிச்சுக்கலாம். கணக்க மட்டும் விட்டுடாதீங்க, அது விட்டா போச்சு," என்றார். பஸ்காரம்மா வெளியே வந்து பள்ளிக்கூட மதில் ஓரமாகச் சின்னப்பெண் மாதிரி ஒரு குதி குதித்தாள்.

டிப்போவில் ஓடித் தேய்ந்த பேருந்துகளை விற்பது வழக்கம். அந்த முறை விலைக்கு வந்ததில் அவள் வருஷக்கணக்காக ஓட்டிய வண்டியும் ஒன்று. இருமல் சத்தத்தை வைத்தே அதற்கு உடம்புக்கு என்ன என்று சொல்லிவிடுவாள். புருஷன் கடையில் தன் பங்கைக் கூட்டாளிக்கே விற்றான், சேமிப்பும் சேர்ந்தது, பஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பின்பாதி இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் அடித்தார்கள், அடுப்பு வைத்தார்கள், ஜன்னலுக்குத் திரை தைத்தார்கள். முன்பாதியில் போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. புருஷன் ஸ்பேனரில் தொங்கியே பார்த்தான். போல்ட் அசையவில்லை, சட்டைதான் கிழிந்தது. "விடு, இருந்துட்டுப் போகட்டும். பஸ்ஸுல சீட்டு இருக்குறது ஒரு குத்தமா?" என்று கையைக் கழுவிவிட்டான்.

கிளம்பிய காலையில் தெருவே வாசலில் நின்றது. மூத்தவள் கடைசி இருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவன் ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ரைட், ரைட்!" என்று ஊதினான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஜனங்கள் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார்கள். அவளும் பழக்க தோஷத்தில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். தினமும் வரும் தாத்தா ஒருவர் ஏறி, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"தாத்தா, இது உலகம் சுத்தப் போற பஸ்ஸு!" என்றான் சின்னவன்.

"போகட்டும்டா ராசா. ஆஸ்பத்திரி வழியாத்தானே?"

அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனாள்.  "போறோம்! நிஜமாவே போறோம்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கத்தினாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்த மூத்தவள்கூட ஒரு கணம் சிரித்துவிட்டு, உடனே அதை மறைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் எல்லாம் ரகளைதான். நான்கு பேரும் ஒருவர் காலில் ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிப்பறைக்கு எங்கே போவது என்பதிலேயே பாதி நாள் ஓடியது. அடுப்பு அணைந்தது, திரை கழன்றது, பிள்ளைகள் ஜன்னல் பக்கத்துக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருநாள் புருஷன் கோபத்தில் இறங்கி, "நான் நடந்தே வர்றேன்!" என்று போனான். நல்ல வெயில். அவள் முதல் கியரில் பின்னாலேயே ஊர்ந்தாள். கொஞ்ச தூரத்தில் அவனே கை காட்டி, பயணி மாதிரி ஏறி, "ஒரு டிக்கெட்," என்றான். சிரிப்பில் கோபம் கரைந்தது.

பிறகு பிடி கிடைத்துவிட்டது. எந்த ஊரில் நின்றாலும் புருஷன் ஒரு மர நிழலில் ஸ்டூலைப் போட்டு, கண்ணாடியைக் கிளையில் தொங்கவிடுவான். முதலில் குழந்தைகள் வருவார்கள், பிறகு அவர்களின் அப்பாக்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, விரலால் அளவு காட்டினால் போயிற்று. முடி வெட்டிக்கொண்டவர்களில் சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் காய்கறி கொடுத்தார்கள், ஒரு மீன்காரர் தன் படகில் பிள்ளைகளை ஏற்றி ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டினார். கண்ணாடி ஊதும் பட்டறை, காற்றாலை, உப்பு எடுக்கும் வயல் என்று பார்க்கப் பார்க்கப் பிள்ளைகளின் கேள்விகள் பெருகின. தலைமை ஆசிரியை சொன்ன கணக்கை மட்டும் அவள் விடவில்லை. டீசல், தூரம், வேகம் எல்லாவற்றையும் பிள்ளைகள்தான் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மூத்தவள் கணக்கில் கோட்டை விட்டாள். வண்டி நடுவழியில் நின்றது. அதன்பிறகு தசமப் புள்ளி அவளுக்குத் தப்பவே இல்லை.

சமவெளியில் ஒரு ஊரில் சின்னவன் குடிக்கத் தண்ணீர் கேட்கப் போனான். தானே கற்றுக்கொண்ட வார்த்தையைத் தைரியமாகச் சொன்னான். அங்கிருந்த பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். அழுதுகொண்டே ஓடி வந்தான்.

"நான் தப்பா பேசுறேனாம்மா! எல்லாரும் சிரிக்கிறாங்க!"

 அவள் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. "அம்மா… அன்னிக்கு நம்ம பஸ்ல ஒரு பாப்பா இருந்துச்சுல்ல?" என்று கேட்டுவிட்டு விரலைக் கடித்தான். மறுநாள் அவனே அந்தத் தெருவுக்குப் போய், அதே தப்பு வார்த்தையை வேண்டுமென்றே இன்னும் சத்தமாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். திரும்பி வந்தபோது சரியான வார்த்தையும் ஒரு கூட்டம் நண்பர்களும் அவனோடு வந்தார்கள். அதிலிருந்து எந்த ஊரிலும் முதலில் பேச்சைப் பிடித்துக்கொள்பவன் அவன்தான். பெரியவர்கள் அவனை முன்னே விட்டுப் பின்னால் நின்றார்கள்.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் மலைமேல் ஒரு சிற்றூருக்கு வந்தார்கள். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போவதாகத் திட்டம். வந்த மறுநாளே ஊருக்கு மேலே மண் சரிந்து சாலையை மூடிவிட்டது. கீழே இறங்கும் பாதை திறந்திருந்தது. மேலே போகும் வழி மட்டும் அடைப்பு. காத்திருப்போம் என்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தினார்கள்.

ஒரே அறைப் பள்ளிக்கூடம், ஒரே ஆசிரியை. இளம்பெண், சுறுசுறுப்பானவள். பிள்ளைகள் இருவரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அங்கேதான் மூத்தவளுக்கு ஆட்டுக்காரரின் மகள் சிநேகிதியானாள். ஒரே வயது, ஒரே பிடிவாதம். ஆளுக்குக் கொஞ்சம் வார்த்தை, மிச்சம் கை ஜாடை. சில வாரம் கழித்து ஒரு மாலையில் மூத்தவள் எரிச்சலோடு வந்தாள்.

"அம்மா, அவ கடலை நம்பவே மாட்டேங்குறா. எதிர்க்கரை தெரியாத தண்ணின்னு சொன்னா, 'அப்ப நீ சரியா பாக்கல'ன்னு சொல்றா!"

"படம் காட்டேன்."

"காட்டினேன். 'இவ்ளோதானா?'ன்னு கேக்குறா. கடலுக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்திருக்கேன், எனக்கு அதச் சொல்லத் தெரியலம்மா!"

இரண்டு முறை யோசித்துப் பேசும் பெண், அன்று ஒருமுறைகூட யோசிக்காமல் கேட்டாள்: "நம்ம பஸ்லதான் சீட்டு இருக்கே. எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாமா?"

பஸ்காரம்மா புருஷனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

ஆசிரியைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளே கடலைப் பார்த்தது ஒரே முறைதான். ஆனால் ஊர்க்காரர்கள் லேசில் மசியவில்லை. யாரோ வழிப்போக்கர்கள், ஓட்டை பஸ், பிள்ளைகளை எப்படி நம்பி அனுப்புவது? நியாயம்தானே. பள்ளி வாசலில் கூடியவர்களுக்கு நடுவே ஆட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கேட்டதைச் சின்னவன் மொழிபெயர்த்தான்.

"என் ஆடு எறக்கத்துல முன்னங்கால ஊனி ஊனி எறங்கும். உங்க வண்டி எப்படி எறங்கும்னு கேக்குறார்மா."

"ஏறுன கியர்லயேதான் எறங்குவேன்னு சொல்லு. இன்ஜினே இழுத்துப் பிடிச்சுக்கும். வாயால சொல்றது எதுக்கு, எல்லாரையும் ஏறச் சொல்லு."

பெரியவர்களை ஏற்றிக்கொண்டு முதல் கொண்டைஊசி வளைவு வரை இறங்கி, ஏறி, மறுபடி இறங்கிக் காட்டினாள். ஆட்டுக்காரர் அவள் கால்களையே பார்த்தபடி வந்தார். இறங்கியதும் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றார்?"

"அவரும் வர்றாராம். முன்னாடி சீட்டு வேணுமாம்!"

மழை விட்ட ஒரு விடியலில் பஸ் நிரம்பி வழிந்தது. பின்னால் கட்டிலில்கூட வரிசையாகப் பிள்ளைகள். சின்னவன் விசிலோடு கண்டக்டர் வேலை பார்த்தான். டிக்கெட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு பாலித்தீன் பை கொடுத்தான். அது உதவியது. மூன்றாவது வளைவுக்குள் பாதிப் பேர் வாந்தி. மீதிப் பேர் பாட்டு. பாடியவர்களும் வாந்தி எடுத்தவர்களும் மாறி மாறி வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் கியரில் இன்ஜின் உறும, பஸ்காரம்மா ஒவ்வொரு வளைவாக அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் வண்டி ஓட்டியதில்லை. நடுவில் பிரேக் சூடேறிய வாடை வந்ததும் ஓரம் கட்டினாள். ஆட்டுக்காரர் இறங்கிச் சக்கரத்தை மோந்து பார்த்து, களைத்த ஆட்டைத் தடவுவது போல பஸ்ஸைத் தடவிக் கொடுத்தார்.

மலை முடிந்து, வயல் முடிந்து, மணல் காடு வந்தது. காற்றில் உப்பு ஏறியது. "வருது, வருது!" என்று மூத்தவள் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கடைசி மேட்டில் ஏறி இறங்கியதும், கண்ணாடி முழுக்கக் கடல்.

 அவள் இன்ஜினை அணைத்தாள். யாரும் இறங்கவில்லை. அலை உருண்டு வந்து உடைந்தது. ஒரு பொடிப்பயல் மெல்லக் கேட்டான், சின்னவன் அதை மாற்றிச் சொன்னான்: "இத யாரு தள்ளுறாங்கன்னு கேக்குறான்மா."

 யாரும் பதில் சொல்லும் முன்பே சின்னவன் கதவைத் திறந்து, "வாங்கடா!" என்று பாய்ந்தான். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி பஸ் காலியானது. கத்தல், ஓட்டம், உருட்டல். அலை வரும்போது எப்படிக் குதிப்பது, போகும்போது மணலில் எப்படிக் காலை ஊன்றுவது என்று சின்னவன் வாத்தியார் ஆகிவிட்டான். அவன் அப்பன் முழங்கால் ஆழத்தில் நின்று, அதைத் தாண்டி ஒருவரையும் விடாமல் காவல் காத்தான். ஆசிரியை செருப்போடு தண்ணீரில் நின்றாள். ஆட்டுக்காரர் கையில் அள்ளி ஒரு வாய் குடித்து, தூவென்று துப்பி, வயிறு குலுங்கச் சிரித்தார். "இவ்ளோ தண்ணி இருந்து என்ன, என் ஆட்டுக்கு ஆகாதே!" என்றாராம்.

ஆட்டுக்காரரின் மகள் மட்டும் நெடுநேரம் ஓரமாக நின்றாள். பக்கத்தில் மூத்தவள், அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண் திரும்பி, இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு வந்தாள்: "நீ ரொம்பச் சின்னதா சொல்லிட்ட!" இருவரும் கையைக் கோத்துக்கொண்டு துணியோடு அலைக்குள் ஓடினார்கள்.

சாயங்காலம் ஈரத் தலையோடு மூத்தவள் வந்து அம்மாவின் அருகில் மணலில் உட்கார்ந்தாள்.

"நம்ம வீட்டு ஜன்னல்ல இது தினமும் தெரிஞ்சுச்சும்மா. நான் ஒரு நாள்கூட நின்னு பாத்ததில்ல."

"நான் மட்டும் பாத்தேனாக்கும்? நிறுத்தத்துல ஆள் ஏறுறாங்களான்னுதான் பாத்தேன்."

இருவரும் சிரித்தார்கள். மகள் தானாக வந்து தோளில் சாய்ந்தது அந்தப் பயணத்தில் அதுதான் முதல் தடவை. பஸ்காரம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த ஊர் ஆசிரியர் ஒருவர் நடந்தே வந்து, "எங்க பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். அதற்கடுத்த ஊரும் கேட்டது. மேல் சாலை சீராகித் திறந்த பிறகும் அவர்கள் உடனே கிளம்பவில்லை. கேட்ட ஊர்களுக்கெல்லாம் கடலைக் காட்டி முடித்துவிட்டுத்தான் மலையைத் தாண்டினார்கள். ஒரு வருஷம் என்று கிளம்பியது இரண்டாக நீண்டது. லீவு முடிந்து டிப்போவிலிருந்து கூப்பிட்டபோது, அவள் புருஷனிடம்கூடக் கேட்காமல், "என் இடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்," என்று சொல்லிவிட்டாள்.  புருஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், நீ திரும்பிப் போய் அதே வட்டம் அடிக்க மாட்ட," என்றான்.

பிள்ளைகளின் படிப்புக்காகத் துறைமுக ஊருக்குத் திரும்பினார்கள். சின்னவன் இலக்கணத்தில் பின்தங்கி ஒரு வருஷம் அல்லாடினான். பள்ளிக்குப் புதிதாக வந்து சேரும், ஊர்ப் பாஷை தெரியாத வெளியூர்ப் பிள்ளைகளோ முதல் நாளே அவன் பெஞ்சில்தான் இடம் தேடினார்கள். மூத்தவள் கணக்கில் முதலிடம். இப்போது கல்லூரியில் அலைகளைப் பற்றித்தான் படிக்கிறாள். அந்தப் பொடிப்பயலின் கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

பஸ்காரம்மாவுக்கு இப்போது அதுவே தொழில். வெயில்காலத்தில் மலைப் பிள்ளைகளைக் கடலுக்கு இறக்குகிறாள். மழை விட்டதும் துறைமுக ஊர்ப் பிள்ளைகளை மலைக்கு ஏற்றுகிறாள். போன வாரம்தான் ஒரு பள்ளியிலிருந்து பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு போனாள். ஆட்டுக்காரர் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை வாயைப் பிளந்து கத்தினாள்: "ஐயோ, மேகம் நமக்குக் கீழ இருக்கு!"

"எங்க, எங்க?" என்று எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். பஸ் லேசாக ஆடியது.

"இருங்கடா, கதவத் திறக்குறேன்!" என்று அவள் கத்தினாள். அவளுக்கும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.